வாசல் தாண்டாத பெட்டி

அன்புள்ள உங்களுக்கு,

நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். நன்றாக இல்லை என்று எழுதினால் பாப்பாவிடம் சொல்லிவிடுவீர்கள். அதனால் இருக்கிறேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கண் தெளிந்து, பாப்பாவும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்காதீர்கள். போன் போட்டால் நம் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். பின்னால் டிவி ஓடுகிறது, சின்னது அழுகிறது, நடுவில் எங்கேயோ உட்கார்ந்து நீங்கள் "ம்" என்கிறீர்கள். முப்பது வருஷமாக மேடையில் எல்லாருக்கும் வசனம் எழுதிக் கொடுத்தவர் வீட்டில் பேசியது இந்த "ம்" ஒன்றுதான். பக்கத்தில் இருந்தபோது பழகிப்போயிருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து கேட்க எனக்குத் தெம்பில்லை. எழுதினால் படிப்பீர்கள். ஆபரேஷன் நன்றாக நடந்தது, எறும்பு ஊர்வதுகூடத் தெரிகிறது என்றார்களே, படியுங்கள்.

முதலில் சண்டையை முடித்துக்கொள்கிறேன். பெட்டியை ஏன் எடுத்துக்கொண்டு போனீர்கள்? பரண் மேல் பாப்பா வாங்கிக் கொடுத்த இரண்டு சூட்கேஸ் கிடக்கின்றன, ஒரு கீறல் இல்லை. கண்ணுக்கு வைத்தியம் பார்க்க மூன்று மாதம் போகிற மனுஷர் அவற்றை விட்டுவிட்டு நாடகப் பெட்டியையா தூக்கிக்கொண்டு போவார்? நீங்கள் கிளம்பிய சாயங்காலம் நான் ஒத்திகையில் இருந்தேன். அப்புறம் ஹாலில் கூரை வேலை என்று ஒரு வருஷத்துக்கு மேல் நாடகமே இல்லை. சாமான் அறையைப் போன வாரம்தான் திறந்தோம். நாற்காலிகள் இருக்கின்றன, ஓட்டைக் குடை இருக்கிறது, மணி அடிக்காத டெலிபோன் இருக்கிறது. பெட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் இருக்கிறது. என் மேடைப் புருஷன் நெட்டையன் போலீசுக்குப் போகலாம் என்று குதித்தான். நான்தான் நிதானமாக யோசித்து, போலீஸ் வேண்டாம், திருடன் என் வீட்டுக்காரர் என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தச் சமயம் பார்த்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், உங்கள் நாடகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். ஒல்லியாக, எப்போதும் தலைவலி வந்தவள் போல நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். அவளுடைய தலைப்பே பெட்டிதான். சாரோட எல்லா நாடகத்திலும் ஒரே பெட்டி வருதே, அதுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். அவளே நாலைந்து அர்த்தம் வைத்திருந்தாள். ஊர் விட்டு ஊர் போகிற வாழ்க்கை, மறைத்து வைத்த குற்றம், வெளியே சொல்லாத ஆசை, இப்படி. எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அர்த்தமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு பெட்டி, இருக்கிற சாமானுக்குத் தகுந்த மாதிரிதான் அவர் நாடகம் எழுதுவார், ரெண்டு பெட்டி இருந்திருந்தா ரெண்டு வந்திருக்கும் என்று சொன்னேன்.

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இல்லை. அவளும் சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "பெட்டி எப்படி உள்ள வந்துச்சுன்னு சொல்லிட்டீங்க. அது ஏன் ஒரு தடவைகூட வெளிய போகலன்னு சொல்லுங்க."

அதெல்லாம் போயிருக்கும் என்றேன். எதில் என்றாள். அவள் போனபிறகு சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொரு நாடகமாக ஓட்டிப் பார்த்தேன். மழை நாடகத்தில் பெட்டிக்குள் குழந்தை உடுப்பு. வாடகை வீட்டு நாடகத்தில் வெறும் பெட்டி, ஆனால் நான் அதைக் கனமாகத் தூக்க வேண்டும், அதற்காக ஒரு மாதம் என் உயிரை வாங்கினீர்கள். நீதிபதி நாடகத்தில் சாவி தொலைந்த பெட்டி. உள்ளே இருப்பது மாறுகிறது, கதை மாறுகிறது, என் புடவை மாறுகிறது. கடைசிக் காட்சி மாறவே இல்லை. நான் துணிகளை அடுக்குகிறேன். ஒரு கொக்கி, டக். என் வசனம். இரண்டாவது கொக்கி கொஞ்சம் மக்கர் பண்ணும், உள்ளங்கையால் தட்டினால், டக். நெட்டையன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஒரே வசனத்தைச் சொல்கிறான்: "இருட்டிடுச்சு. நாளைக்குப் போய்க்கலாம்." போகாதே என்று எந்த நாடகத்திலும் சொன்னதில்லை. நான் கொக்கிகளைத் திறந்து, துணியை எடுத்து அலமாரியில் வைக்கிறேன். விளக்கு அணைகிறது.

பெட்டி வந்தாலே ஜனங்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அது எப்போது திறக்கும் என்று பார்ப்பார்கள், திறந்தால் ஒரு பெருமூச்சு. அதற்காகத்தான் நீங்கள் திரும்பத் திரும்ப வைக்கிறீர்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கைதட்டலுக்கு ஒரு சூட்சுமம், அவ்வளவுதான் என்று. அந்தப் பெண் சொல்கிறாள், ஒரு பொருள் ஒரு தடவை வந்தால் அது வெறும் பொருள், விடாமல் வந்தால் எழுதுகிறவர் எதையோ விட முடியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று. எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது கொக்கிச் சத்தம்தான்.

சனிக்கிழமை மழை நாடகத்தைப் போட்டோம். பலகையில் ஒரு பெட்டி அடித்து, பழுப்புச் சாயம் பூசி, தூரத்திலிருந்து பார்த்தால் அதே மாதிரி இருக்கும்படி செய்திருந்தார் நம் விளக்குத் தம்பி. பேரன் எடுத்தபிறகும் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறோம், பாவம். கொக்கி கிடையாது. சத்தத்தை நாக்கால் கொடுக்கிறேன் என்று உள்ளே இருந்து "டக்" போட்டார், அது பல்லி சத்தம் போல இருந்தது. முடிந்தபிறகு முன்வரிசைப் பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். ஒரு நாடகத்தையும் விடாமல் வருவாரே, அவர்தான். நன்றாக இருந்தது, அந்த வசனம், இந்தக் காட்சி என்று வழக்கமாகச் சொல்வதை எதுவும் சொல்லவில்லை. "பெட்டி மாறிடுச்சேம்மா. சார் நல்லாதான இருக்காரு?" என்று கேட்டார்.

நல்லா இருக்காருங்க என்று சொல்லிவிட்டேன். நல்லாதானே இருக்கிறீர்கள்?

வெயில் பார்த்துப் போகவும். சொட்டு மருந்தை மறக்கவேண்டாம்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வீட்டுக்காரி


அன்புள்ள உங்களுக்கு,

எல்லாரும் சௌக்கியம் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பதிலுக்குப் பதில் நாடகம் வந்திருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை பாப்பா பேசினாள். ஏதோ துணி துவைக்கிற மிஷின் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "அப்பாவுக்கு அந்தப் பேப்பர் வந்துடுச்சும்மா, இனிமே இந்த நாட்டுலயே எவ்வளவு நாள் வேணும்னாலும் இருக்கலாம்" என்றாள். சொன்னபிறகுதான் எனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. அப்பா உன்கிட்ட சொல்லலியா என்று கேட்டாள். சொன்னாரே, மறந்துட்டேன் என்றேன். முப்பது வருஷம் நடித்ததற்கு இந்த அளவுகூட வராவிட்டால் எப்படி? பிறகு அவள் எனக்கும் பேப்பர் போடலாம், நீயும் வந்துடும்மா, அங்க தனியா என்ன பண்றே என்று அழைத்தாள். நல்ல பெண். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மூன்று மாதம் என்றீர்கள். பிறகு கண் ஆறட்டும் என்றீர்கள். பிறகு குளிர் போகட்டும் என்றீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் சரி என்றேன். பேப்பர் போட்டதைச் சொல்லியிருந்தால் அதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

மறுநாள் உங்கள் புது நாடகம் வந்தது. பாப்பா அனுப்பி, நெட்டையன் அச்செடுத்துக் கொண்டுவந்தான். ஹாலில் வட்டமாக உட்கார்ந்து படித்தோம். ஒரு அறை. ஒரு பெண். அவள் மட்டும்தான். காலையில் எழுந்திருக்கிறாள், ஜன்னலைத் துடைக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரியோடு சுவர் வழியாகப் பேசுகிறாள், பொத்தான் தைக்கிறாள். யாரைப் பற்றியும் குறைசொல்லவில்லை. அழவும் இல்லை. நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள், அதில் எப்போது குறை வைத்தீர்கள். ஆனால் பக்கம் புரட்டப் புரட்ட நெட்டையன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் பக்கம் முடிந்ததும், "அக்கா, இதுல எனக்கு வேலையே இல்லையே" என்றான். அவன் தலையில் ஒரு முடி இல்லை, ஆனால் அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் தனியாக விடப்பட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். செலவில்லாத நாடகம், ஒரே ஆள், ஒரே விளக்கு என்று விளக்குத் தம்பி மெல்ல எடுத்துவிட்டார். யாரும் அதற்குச் சந்தோஷப்படவில்லை.

பெட்டி இல்லை. முதல் தடவை படித்தபோது தவறவிட்டிருப்பேன் என்று இரண்டாம் தடவை படித்தேன். கட்டில் இருக்கிறது, ஸ்டூல் இருக்கிறது, ஊசி நூல்கூட இருக்கிறது. பாப்பாவை உங்களிடம் கேட்கச் சொன்னேன். அவள் உங்களைக் கேட்டுவிட்டு வந்து, "பெட்டி இனிமே வேண்டாமாம்மா, அரைச்ச மாவையே அரைச்ச மாதிரி ஆயிடுச்சாம்" என்றாள்.

அரைத்த மாவுதான். நான் மறுக்கவில்லை. அதைத்தான் முப்பது வருஷமாகச் சாப்பிட்டு வளர்ந்தோம்.

அதைவிட ஒன்று உறுத்துகிறது. நாடகத்தின் முதல் பக்கத்தில் மேடையைப் படமாகப் போடுவீர்களே, மேஜை இங்கே, அலமாரி அங்கே, இடப்பக்கம் கதவு என்று. கோடு கோணலாக இருந்தாலும் கதவு மட்டும் பிடி எல்லாம் வைத்து அழகாக இருக்கும். இந்தத் தடவை கதவு வரையவில்லை. நாலு சுவர், ஒரு ஜன்னல். அந்த அறைக்குள் அவள் எப்படி வந்தாள், எப்படிப் போவாள், யாராவது பார்க்க வந்தால் எந்த வழியாக வருவார்கள்? மறந்துவிட்டீர்கள் என்று நெட்டையன் சொல்கிறான். நீங்கள் ஒரு ஸ்பூனைக்கூட மறக்கிறவர் இல்லை.

அந்த ஆராய்ச்சிப் பெண் வியாழக்கிழமை மறுபடி வந்தாள். எனக்கு இருந்த அலுப்பில் கதவைத் திறக்க வேண்டாம் என்று பார்த்தேன். பிறகு பாவமாக இருந்தது, டீ போட்டுக் கொடுத்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அந்தப் பெட்டி முதல்ல யாரோடது என்று.

யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அப்பாவுடையது என்றேன். அவர் ஊருக்கு ஊர் மாற்றலாகிப் போகும்போது எடுத்துப் போகிற பெட்டி. ஒரு நாள் அதில் நாலு புடவையை வைத்துக்கொண்டு நான் வாசலைத் தாண்டினேன். வேறு போக்கிடம் இல்லாததால் நேராக உங்கள் ஒத்திகை அறைக்கு வந்தேன். நீங்கள் மேடையில் வைக்க ஏதாவது சாமான் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தீர்கள். என்னையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இதையே வெச்சுக்கலாம்" என்றீர்கள். என்னைச் சொன்னீர்களா பெட்டியைச் சொன்னீர்களா என்று நான் பல வருஷம் கேலி செய்திருக்கிறேன். இதையெல்லாம் அவளிடம் கதையாகச் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு டீயைக் குடித்தாள்.

அவள் போனதும் எனக்கே புரிந்துவிட்டது. ஒரு வீட்டிலிருந்து பெட்டியோடு வெளியே போனவள் நான். இன்னொரு வீட்டிலிருந்தும் போய்விடுவேன் என்று பயந்திருக்கிறீர்கள். அதைக் கேட்கவும் வாய் வராமல், நாடகம் நாடகமாக என்னைப் பெட்டியை அடுக்க வைத்து, திறக்க வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். ஜனங்கள் முன்னால், விளக்குப் போட்டு. அடப்பாவி மனுஷா, ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டிருக்கக் கூடாதா? எங்கேயும் போகமாட்டேன், சாப்பிடுங்கள் என்று சொல்லியிருப்பேனே.

கடைசியில் பெட்டியோடு வாசலைத் தாண்டியது நீங்கள். நான் அந்த நேரத்தில் உங்கள் நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹால் மானேஜர் வருகிற வருஷத்துக்கு நமக்கு நாள் ஒதுக்கட்டுமா வேண்டாமா என்று கேட்டு ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். நீங்கள் வருவதானால் ஒரு பதில். வராவிட்டால் குழுவைக் கலைத்துவிட்டு நானும் பாப்பாவிடம் வந்து துணி மடித்துக் கொடுத்துக்கொண்டு இருக்கலாம். எதுவும் எனக்குக் கஷ்டமில்லை. தெரியாமல் இருப்பதுதான் அலுத்துவிட்டது. காலையில் எழுந்தால் கால் வலிக்கிறது, எதற்காக எழுந்தோம் என்றும் தெரியவில்லை.

சாயங்காலம் வெளியே போனால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளவும்.

வீட்டுக்காரி


அன்புள்ள உங்களுக்கு,

உடம்பு, கண், மனசு மூன்றும் நலமாக இருக்கட்டும். நேற்று நாடகம். மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன். அந்த ஆராய்ச்சிப் பெண் எழுதினால் அவளுக்கு வேண்டியபடி எழுதுவாள்.

மறுபடியும் மழை நாடகம்தான். பலகைப் பெட்டியின் கைப்பிடி முதல் நாளே கழன்றுவிட்டது. வேறு வழியில்லாமல் பரண் மேல் இருந்த சூட்கேஸில் ஒன்றை இறக்கினேன், பாப்பா எனக்கென்று வாங்கிக் கொடுத்த நீலத்தை. கொக்கிக்குப் பதில் ஜிப்பு. டக் இல்லை, சர்ரென்று போகிறது. என் வசனம் எங்கே விழ வேண்டும் என்றே தெரியவில்லை. அடியில் நாலு சக்கரம் வேறு. நீங்கள் இருந்திருந்தால் அதைக் கண்ணால் பார்க்கச் சகித்திருக்க மாட்டீர்கள்.

கூரை ஒழுகிய நாட்களில் மேடைப் பலகை இடப்பக்கம் இறங்கிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் எப்போது குறை சொன்னாலும் வாயை அடைப்பீர்கள். இப்போது கூடம் நிஜமாகவே கோணல். மேஜைக் காலுக்கு அட்டை மடித்து வைத்துத்தான் நிறுத்தியிருந்தோம். சூட்கேஸுக்கு அட்டை வைக்க எங்களில் ஒருத்தருக்கும் புத்தி போகவில்லை. அந்தப் பழைய பெட்டி வைத்த இடத்தில் கிடக்கும். அதற்குச் சக்கரமா இருந்தது?

கடைசிக் காட்சி. குழந்தை உடுப்பை அடுக்கினேன். ஜிப்பை இழுத்தேன். சூட்கேஸைத் தரையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, என் வசனத்தைச் சொல்ல அலமாரிப் பக்கம் திரும்பினேன். பின்னால் ஒரு சத்தம், கடகடவென்று. திரும்பிப் பார்த்தால் சூட்கேஸ் தானாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவசரமே இல்லாமல், வழி தெரிந்த மாதிரி, நேராக இடப்பக்கக் கதவுக்கு. நிலையில் ஒரு இடி இடித்து, திரும்பிக்கொண்டு, வெளியே போய்விட்டது.

ஜனங்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு வரலாம் என்றுதான் பின்னால் போனேன், சத்தியமாக. கதவைத் தாண்டி, படுதாவுக்குப் பின்னால், மணல் வாளிக்குப் பக்கத்தில் அது முட்டிக்கொண்டு நின்றிருந்தது. கைப்பிடியைப் பிடித்தேன். திரும்பி உள்ளே போக வேண்டும். கால் நகரவில்லை. முப்பது வருஷத்தில் அந்தக் கடைசிக் காட்சியில் நான் அந்தக் கதவுக்கு வெளியே நின்றதே இல்லை. அங்கே ஒன்றும் இல்லை, உடைந்த நாற்காலி ஒன்றும் பெயிண்ட் டப்பாவும்தான். ஆனாலும் நின்றுகொண்டிருந்தேன்.

உள்ளே நெட்டையன் தனியாக. என்ன செய்வான்? அவனுக்குத் தெரிந்த ஒரே வசனத்தைச் சொன்னான். வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துச் சொல்லவில்லை, கதவைப் பார்த்துச் சொன்னான் என்று பிறகு விளக்குத் தம்பி சொன்னார். "இருட்டிடுச்சு." நான் வருவேனா என்று பார்த்திருக்கிறான். வரவில்லை. "நாளைக்குப் போய்க்கலாம்."

அந்த வசனத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். உள்ளே நின்று கேட்கும்போது எனக்கு எப்போதும் எரிச்சலாக இருக்கும். போகாதே என்று சொல்லத் துப்பில்லாத மனுஷன், இருட்டைச் சாக்குச் சொல்லி ஒருத்தியை நிறுத்தி வைக்கிறான் என்று தோன்றும். நேற்றுதான் வெளியே நின்று கேட்டேன். அது நிறுத்தி வைக்கிற பேச்சு இல்லை. கெஞ்சுகிற பேச்சு. அவனுக்கு இருக்கிற தைரியத்துக்கு அவ்வளவுதான் வரும். இது தெரிய எனக்கு இத்தனை வருஷமும் சக்கரம் வைத்த ஒரு சூட்கேஸும் வேண்டியிருந்திருக்கிறது.

விளக்குத் தம்பி விளக்கை மெல்ல இறக்கினார். கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது நிற்கவில்லை. அது தவறு என்று யாருக்கும் தெரியவில்லை, நீங்கள் முடிவை மாற்றிவிட்டீர்கள் என்றே நினைத்துக்கொண்டார்கள். முன்வரிசைப் பெரியவர் மட்டும் எழுந்திருக்கவில்லை, கைத்தடியில் முகவாயை வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிப் பெண் என் பக்கமே வரவில்லை. நெட்டையன் வந்தான். ஏன் அக்கா உள்ள வரல, நிஜமாவே போயிட்டீங்களோன்னு பயந்துட்டேன் என்றான். முட்டாள், ஹாலில் இருந்து வீட்டுக்குப் போக உன் ஸ்கூட்டர்தானே எனக்கு வழி என்று சொல்லி அனுப்பினேன்.

இன்று காலை பாப்பா பேசினாள். நாடகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்களைப் பற்றிக் குறைசொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அதை அப்படியே எழுதுகிறேன். "அப்பாவை வெச்சுக்கிட்டு முடியலம்மா. அவருக்குன்னு தனியா அலமாரி வாங்கி, அவர் ரூம்லயே வெச்சேன். இன்னிவரைக்கும் ஒரு சட்டைகூட அதுல வெக்கல. எல்லாம் அந்த ஓட்டைப் பெட்டியிலயே இருக்கு. கட்டிலுக்குக் கீழ தள்ளி வெச்சிருக்காரு. காலையில டக்குன்னு திறந்து சட்டை எடுக்கறது, சாயங்காலம் மடிச்சு உள்ள வெச்சு டக்குன்னு மூடறது. பிள்ளைங்க தொட்டா கோவம் வருது. யாராவது வந்து பாத்தா நாங்க அவரை லாட்ஜ்ல வெச்சிருக்கோம்னு நினைப்பாங்க."

ஒரு கொக்கி மக்கர் பண்ணுமே, கையால தட்டித்தானே மூடறார் என்று கேட்டேன். ஆமா, உனக்கு எப்படித் தெரியும் என்றாள். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு ஹால் மானேஜரைப் பார்க்கப் போனேன்.

புது நாடகத்தில் பெட்டி ஏன் இல்லை என்று இப்போது தெரிகிறது. உங்களுக்கே அது வேண்டியிருக்கிறது. அதனால் சண்டை முடிந்தது, அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாடகத்தில் பெட்டி வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் கதவில்லாத அறையில் நான் நடிக்கமாட்டேன், இதை எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். இடப்பக்கமோ வலப்பக்கமோ, ஒரு கதவு வரைந்து கொடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். நெட்டையனுக்கும் ஒரு வசனமாவது எழுதுங்கள், அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மானேஜரிடம் வருகிற வருஷத்துக்கு நாள் ஒதுக்கச் சொல்லிவிட்டேன். மேடையைச் சரிசெய்கிறேன் என்றார். கொஞ்சம் சாய்வு இருக்கட்டும், அவர் வந்து பார்த்தபிறகு செய்துகொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

உங்கள் அலமாரி இங்கே அப்படியே இருக்கிறது. மேல்தட்டில் என் புடவைகளை வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன்.

நீங்கள் கிளம்புகிறேன் என்றால் பாப்பா போகாதீங்க என்று சொல்லமாட்டாள். அவளும் உங்கள் மகள்தானே, அது அவளுக்கும் வாயில் வராது. குளிராக இருக்கிறது என்பாள், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்பாள். அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, அந்த இரண்டாவது கொக்கியை நன்றாக அழுத்தி மூடிக்கொண்டு புறப்படுங்கள். வாசலில் நிற்கும்போது, இருட்டிடுச்சுப்பா, நாளைக்குப் போய்க்கலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து இந்த ஒரு தடவை கேட்காதீர்கள்.

உங்கள்,
வீட்டில் இருக்கிறவள்